கல்யாணம் ஒரு தடவைதான்

"தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று பங்குச்சாமியார் சொன்னதும், நான் கட்டிக்கொள்ளப்போகிற ஆல்பர்ட் எழுந்து போனார். கதவு சாத்தப்பட்டது. மேசைக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மின்விசிறி சுற்றச் சுற்ற, சுவரில் இருந்த காலண்டர் தாள் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. அறைக்குள் மெழுகுவர்த்தி வாசனையும் புதுச் சுண்ணாம்பு வாசனையும் கலந்து வந்தன. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் யாரோ வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாராச்சும் உங்களை வற்புறுத்தி இங்க கூட்டிட்டு வந்தாகளாம்மா?"

"இல்ல ஃபாதர்."

"பயப்படாமச் சொல்லுங்க. அதுக்குத்தான் அவரை வெளிய அனுப்புனேன். அவருக்கும் இதே கேள்விதான். அப்ப நீங்க வெளிய இருக்கணும்."

"நானாத்தான் வந்தேன் ஃபாதர். எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டேனே தவிர, காது சூடாகிவிட்டது. எங்கள் வீட்டில் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது அவளிடமும் கேட்டார்கள், பிடித்திருக்கிறதா என்று. கூடம் நிறைய ஆட்கள், அவள் கையில் கேசரித் தட்டு. அவள் தலையை எந்தப் பக்கம் ஆட்டியிருந்தாலும் அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கதவைச் சாத்திவிட்டுத் தனியாக ஒருத்தர் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சாமியார் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

"உங்களுக்கு இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகலைன்னு சாட்சி வேணும். எங்க ஆளுகளுக்குன்னா ஞானஸ்நானப் பதிவுலயே தெரிஞ்சுரும். உங்களுக்கு அது இல்லாததுனால, சின்னப்பிள்ளையிலருந்து உங்களைத் தெரிஞ்ச ரெண்டு பேர் வந்து சத்தியம் பண்ணிச் சொல்லணும். அப்பா வருவாகளா?"

அப்பா என்னோடு பேசியே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"கேட்டுப் பாக்குறேன் ஃபாதர்" என்றேன்.

தோள்பட்டையில் தொடங்கியது

நான் பிசியோதெரபி படித்த கதையை இந்தத் தொடரின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன். படிப்பு முடிந்து காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தவர்தான் லூர்து அம்மா. தேவகோட்டைக்காரர். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்கித் தலைவார முடியாமல் வந்தார்.

அவரைப் பைக்கில் கூட்டிக்கொண்டு வருவது ஒரே மகன் ஆல்பர்ட். தேவகோட்டையில் கணக்கு வாத்தியார். அம்மா உள்ளே "ஐயோ மாதாவே" என்று கத்துகிற ஒவ்வொரு தடவையும் வெளியே பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பார். இரண்டாவது வாரம், "நீங்க எந்திரிக்கிறதுனால வலி குறையாது சார், உக்காருங்க" என்றேன். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது.

லூர்து அம்மாவுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். "அந்தப் புள்ள கைப்பட்டா வலி ஓடிப்போயிரும்" என்று ஊரெல்லாம் சொன்னார். அதே புள்ள மருமகளாக வரப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு வாரம் ஊரில் யாரோடும் பேசவில்லை.

அவர்கள் வீட்டில் கோயில் என்றால் மாதா கோயில். பூசை என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. சாமி என்றால் பாதிரியார். எங்கள் வீட்டிலும் இந்த மூன்று சொற்களும் தினமும் புழங்கும், ஆனால் மூன்றும் வேறு. ஒரு நாள் ஆல்பர்ட் போனில், "சாமிக்கு உடம்பு சரியில்ல, அதனால நாளைக்குப் பூசை லேட்டு" என்றார். என் பக்கத்தில் இருந்த அம்மா கேட்டுவிட்டு, "சாமிக்கு என்னடி வந்துச்சு?" என்றாள். அம்மா அப்படிச் சிரிப்பு மூட்டியே அந்த மாதங்களைக் கடத்தினாள்.

"ஒரு நாள் வேலைதானே"

கத்தோலிக்கர் ஒருவர் வேறு மதத்தாரைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டுமானால், பிஷப்பான ஆயரிடமிருந்து அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும், பொதுவாக அந்தக் கல்யாணத்தில் பூசை இருக்காது. வேத வாசகம் உண்டு, வாக்குக் கொடுப்பது உண்டு, தாலி உண்டு, ஆசீர்வாதம் உண்டு. அப்பம் வாங்குகிற நற்கருணை மட்டும் கிடையாது.

லூர்து அம்மாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலில் வாசகம் வாசிக்கிறவர் அவர். "என் ஒத்தப் பிள்ளை கல்யாணத்துல பூசை இல்லையா?" என்று அழுதார். பிறகு ஒரு சாயங்காலம் எனக்கே போன் செய்தார்.

"ஏம்மா வள்ளி, ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டா என்ன? ஒரு நாள் வேலைதானே? தலையில தண்ணி ஊத்துவாக. அம்புட்டுத்தான்."

மாதாவைப் பார்த்தால் எனக்கும் கும்பிடத் தோன்றும். ஆனால் மனதில் முருகனை வைத்துக்கொண்டு தலையில் தண்ணீரை வாங்கிக்கொள்வது அவர்கள் சாமிக்கும் மரியாதை இல்லை, எங்கள் சாமிக்கும் மரியாதை இல்லை என்று பட்டது. அதை அப்படியே பங்குச்சாமியாரிடம் சொன்னேன். அவர் லூர்து அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் கேட்டா நான் கொடுக்க மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு என்னைக்காச்சும் தானாத் தோணுச்சுன்னா அப்பப் பாப்போம். தோணலைன்னாலும் அவ உங்க மருமகதான்" என்றாராம்.

லூர்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று ஆல்பர்ட் சொன்னார்.

அப்பா கேட்டது

என் அப்பா தச்சு வேலைக் குடும்பத்தில் பிறந்தவர். காரைக்குடியில் ப்ளைவுட் கடை வைத்திருக்கிறார். வீடு சொந்த ஊரான நாச்சியாபுரத்தில். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற எங்கள் தெருக் குழுவுக்கு அவர்தான் முன்னால் வேல் பிடித்துப் போகிறவர். அப்படிப்பட்டவர் மகள் மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொள்கிறாள் என்றால் தெருவில் என்னென்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஆனாலும் அவர் முதலில் மறுக்கவில்லை. ஆல்பர்ட் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போன பிறகு, "பய நல்ல பயதான்" என்றார். "குன்றக்குடி முருகன் மலையில தாலி கட்டட்டும். அப்புறம் அவுக கோயில்ல அவுக முறைப்படி என்ன செய்யணுமோ செஞ்சுக்கட்டும். ரெண்டு சாமியும் பாத்த மாதிரி இருக்கும்."

எங்களுக்கு அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. ஆல்பர்ட் சந்தோஷமாகப் போய்ச் சாமியாரிடம் சொன்னார். அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"கல்யாணம் ஒரு தடவைதான் தம்பி. காலையில மலையில ஒரு தடவை ஏத்துக்கிட்டு, பத்து மணிக்கு இங்க வந்து மறுபடியும் ஏத்துக்கிறேன்னு சொன்னீகன்னா, இதுல எது நெசம்? சாமி கும்பிடப் போங்க, வேணாம்னு சொல்லல. ஆனா தாலி ஒரு இடத்துலதான்."

இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அதை அணைத்தார்.

"அப்பப் பொண்ணைப் பெத்தவன் எதுக்கு?" என்றார். எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. கோபமாகவும் நடந்துகொள்ளவில்லை. என் ஸ்கூட்டிக்குக் காற்று அடித்து வைப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வர நேரமானால் வாசல் விளக்கைப் போட்டு வைப்பார். பேச்சு மட்டும் இல்லை.

வகுப்பில் தெரிந்தது

மாதா கோயிலில் கட்டிக்கொள்கிற ஜோடிகள் கல்யாணத்துக்கு முன் ஒரு தயாரிப்பு வகுப்புக்குப் போயாக வேண்டும். ஒரு சனி, ஞாயிறு போனோம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார்கள். நெற்றியில் விபூதியோடு இருந்தது நான் மட்டும்தான். பக்கத்தில் இருந்த பெண், "குன்றக்குடி விபூதியா? எங்க சித்தி வீடு அங்கதான்" என்று சுண்டலை என் பக்கம் நகர்த்தினாள்.

நடுத்தர வயதுத் தம்பதி வந்து பேசினார்கள். சண்டை போட்டுவிட்டு முதலில் யார் வாயைத் திறப்பது என்பதைப் பற்றி ஒரு மணி நேரம். பேசி முடிப்பதற்குள் அவர்களுக்குள்ளேயே ஒரு சின்னச் சண்டை வந்தது. அதைவிட நல்ல பாடம் இருக்க முடியாது.

மதிய இடைவேளையில் பங்குச்சாமியார் எங்களைத் தனியாக அழைத்தார். "இதைத் தம்பி உங்ககிட்டச் சொல்லியிருப்பார். இருந்தாலும் நானும் சொல்லணும்" என்று தொடங்கினார். ஆயரிடம் அனுமதி கேட்கும்போது கத்தோலிக்கத் தரப்பு ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். தன் விசுவாசத்தை விடமாட்டேன் என்றும், பிறக்கிற பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்றும். "நீங்க கையெழுத்துப் போட வேண்டியதில்லம்மா. ஆனா உங்களுக்குத் தெரியாம அவர் போடக்கூடாது."

ஆல்பர்ட் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ ஆறிக்கொண்டிருந்தது. காரைக்குடி பஸ் ஒன்று வந்து போனது. நான் ஏறவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிருவியோன்னு பயமா இருந்துச்சு."

"சொல்லாம இருந்தாத்தான் போவேன்" என்றேன். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்த வாரம் நான் போன் எடுக்கவில்லை. பிறக்காத பிள்ளையை யாரோ என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது. வியாழக்கிழமை லூர்து அம்மாவின் போன் வந்தது. குரலில் நெருப்பு.

"ஏம்மா, என் மகன் கையெழுத்துப் போட மாட்டேன்னு சாமிகிட்டச் சொல்லிட்டு வந்துட்டான். வள்ளி சரின்னு சொல்ற வரைக்கும் அந்தத் தாளை எடுத்து வைங்கன்னானாம். நீ அப்படி என்ன சொன்ன அவன்கிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்கம்மா. பேசவே இல்ல."

அவர் குரல் இறங்கியது. பிறகு, "அவன் சாப்பிடுறதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட மனம் வராத ஆள், நாளைக்கு எனக்குத் தெரியாமல் பிள்ளையை வளர்க்க மாட்டார். என் மனதைத் திருப்பியது அவ்வளவுதான். அன்று மதியமே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து ஆல்பர்ட்டின் பள்ளிக்கூட வாசலுக்கே போனேன். சாக்பீஸ் கையோடு வந்தார்.

"போடுங்க" என்றேன். "ஆனா பிள்ளைக்கு அம்மா யாரு, எந்தச் சாமியைக் கும்பிடுறான்னும் தெரிஞ்சு வளரணும்."

"தெரியாம எப்படி வளரும்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஞானஸ்நானம் எடுத்தவள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பூசைக்குப் போவாள், கார்த்திகைக்கு என்னோடு மலையேறுவாள். இரண்டு இடத்திலும் அவளுக்குப் பிடித்தது திரும்பி வரும்போது வாங்கிக் கொடுக்கிற தின்பண்டம்தான். பெரியவளான பிறகு கேள்வி கேட்பாள். அதற்கான பதில் என்னிடம் முழுசாக இல்லை. என்னிடம் இருப்பது பாதி, அவள் அப்பாவிடம் பாதி.

அப்பா வந்தார்

சாட்சிக்கு வரச் சொல்லி அப்பாவை நான் கேட்கவே இல்லை. வாய் வரவில்லை. அம்மா சொல்லியிருக்கிறாள். ஒரு காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, தேய்த்த சட்டையோடு வாசலில் நின்றார். கூடவே சின்னையா மாமா. அப்பாவுக்கு அடுத்து அந்தப் பாதயாத்திரைக் குழுவில் நடக்கிறவர் அவர்தான்.

"அந்தச் சாமியார் எத்தனை மணிக்கு இருப்பாக?" என்றார் அப்பா. ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

பங்கு அலுவலகத்தில் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே ஆல்பர்ட்டோடும் லூர்து அம்மாவோடும் நின்றேன். கதவு லேசாகத் திறந்திருந்ததால், அதை ஒட்டித் தன் முறைக்காக நின்ற சின்னையா மாமா அப்பா சொன்னதைக் கேட்டுப் பிறகு என்னிடம் சொன்னார்.

"என் மக பொய் சொல்ல மாட்டா சாமி. இந்தத் தம்பியைப் பிடிச்சிருக்குன்னு முதல்ல என்கிட்டதான் வந்து சொன்னா. பெத்தவகிட்டகூடச் சொல்லல. அதுக்கு மேல என்ன சத்தியம் வேணும்? இருந்தாலும் பண்றேன். குன்றக்குடி முருகன் மேல சத்தியம், இவளுக்குக் கல்யாணம் ஆகல."

எல்லாம் முடிந்து எங்களையும் உள்ளே அழைத்தார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை.

"நீங்க கேட்டதுக்கெல்லாம் சொல்லிட்டேன் சாமி. நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கய்யா."

"பிள்ளைகளை உங்க முறையில வளக்கத் தம்பி வாக்குக் கொடுத்துட்டாராம். சரி. என் மகளுக்கு யாரு வாக்குக் கொடுக்குறா? கார்த்திகைக்குக் கார்த்திகை மலையேறுற பிள்ளை அது. நாளைக்கு அதை யாரும் தடுக்க மாட்டாகன்னு யாரு சொல்றது?"

சாமியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த வாக்கை நான் கொடுக்க முடியாதுய்யா. கொடுக்க வேண்டியவுக இங்குட்டு நிக்கிறாக."

ஆல்பர்ட் வாயைத் திறந்தார். அதற்குள் லூர்து அம்மா முன்னால் வந்துவிட்டார்.

"அண்ணே, உங்க மக கோயிலுக்குப் போறதை நான் தடுத்தேன்னா, அதுக்கப்புறம் எந்த முகத்தோட நான் பூசைக்குப் போறது? அவ மலைக்குப் போற அன்னைக்கு என் வீட்டுல கறி, மீன் எடுக்க மாட்டேன். அடுப்பையும் கழுவிருவேன். போதுமா?"

அவர் அப்பாவை அண்ணே என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. நான் அவரை அத்தை என்று மனதுக்குள் அழைத்ததும் அந்த நிமிடத்தில்தான்.

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "போதும் தங்கச்சி."

கிளம்பும்போது சாமியாரிடம் சொன்னார்: "கல்யாணம் ஒரு தடவைதான்னீகளாம். அன்னைக்குக் கோவம் வந்துச்சு. நெனச்சுப் பாத்தா சரிதான்னு படுது. ரெண்டு எடத்துல கட்டுனா ரெண்டுலயும் பாதி மனசுதான் இருக்கும்."

வலது பக்கம், இடது பக்கம்

ஆயரின் அனுமதி வந்தது. மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் பெயரை வாசித்து, ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் எல்லோருமாகக் குன்றக்குடி மலையேறி அர்ச்சனை செய்தோம். ஆல்பர்ட்டும் வந்தார். படியேறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது அவருக்குத்தான். அப்பா அவர் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார்.

கல்யாணத்தன்று கோயிலில் வலது பக்கம் அவர்கள் ஆட்கள், இடது பக்கம் நாங்கள். நாச்சியாபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பாதயாத்திரைக் குழுவில் ஒருவர் பாக்கியில்லை. எல்லோருக்கும் தலைக்கு எண்ணெய், நெற்றி நிறைய விபூதி, கையை எங்கே வைப்பது என்று தெரியாத கூச்சம்.

அப்பா என் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஆல்பர்ட் பக்கத்தில் என்னை நிறுத்திவிட்டு, அம்மாவிடம் போய் உட்கார்ந்தார்.

பாட்டு தொடங்கியது. வலது பக்கம் மொத்தமும் சட்டென்று எழுந்தது. எங்கள் பக்கம் பாதிப் பேர் எழுந்தார்கள், பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்தவர்கள் உட்கார்ந்தவர்களைப் பார்த்து உட்கார, உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பாவின் முகம் சிறுத்தது எனக்குத் தெரிந்தது. நான் பீடத்துக்கு முன்னால் நிற்கிறேன், என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்போது வலது பக்க முதல் வரிசையிலிருந்து லூர்து அத்தை வெளியே வந்தார். மாப்பிள்ளையின் அம்மா உட்கார வேண்டிய இடம் அது. அரக்கு நிறப் பட்டுச்சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க நடுவழியைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார்.

"மதினி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று என் அம்மாவிடம் சொல்லி, அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"என்னையவே பாத்துக்கிட்டு இருங்க. நான் எந்திரிச்சா எந்திரிங்க, உக்காந்தா உக்காருங்க. ஒண்ணும் தப்பாகாது."

நற்செய்தி வாசிக்கும் நேரம் வந்தது. லூர்து அத்தை எழுந்தார். அப்பா எழுந்தார், அம்மா எழுந்தாள். சின்னையா மாமாவும் பழனிக்கு நடக்கிற அத்தனை பேரும் எழுந்தார்கள். நாச்சியாபுரத்துச் சனம் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது.